புத்தி சொன்னால் மணி அடிக்கும்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நீதிபோதனை. கால அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருக்கும். நடந்தது என்னவோ கணக்கு. கணக்கு சார் ஐந்து நாளும் பாடம் நடத்தி, போதவில்லை என்று இந்தப் பீரியடையும் வாங்கிக்கொள்வார். யாரும் வருத்தப்பட்டதில்லை. நீதிபோதனைக்குப் பரீட்சை கிடையாது, கணக்குக்கு உண்டு.

அரியலூர் கல்வி மாவட்டத்துக்குப் புதிதாக ஒரு டி.இ.ஓ., அதாவது மாவட்டக் கல்வி அதிகாரி, வந்த பிறகுதான் இதெல்லாம் மாறியது. பதினோராவது போய்ப் பத்தாவதே பெரிய பரீட்சை என்று ஆன புதிது. அப்போது நாங்கள் எல்லாரும் திருச்சி ஜில்லா. அந்த மனிதர் தலைமை ஆசிரியர்களை அரியலூருக்குக் கூப்பிட்டு இரண்டே காரியம் சொன்னாராம். பத்தாவது பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளியிலும் மாலை வகுப்பு நடக்க வேண்டும். நீதிபோதனைப் பீரியடை வேறு எந்த சாரும் தொடக் கூடாது. அந்தப் பீரியடில் என்ன செய்வது என்பதை அந்தந்தப் பள்ளியே யோசித்துக்கொள்ளலாம். முதலாவது உடம்பு வலிக்கிற வேலை. இரண்டாவதுதான் எல்லாரையும் முழிக்க வைத்தது.

எனக்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நான் கொத்தனார். எங்கள் அப்பா வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி. எங்கள் தெருவில் முதலில் கரணை பிடித்தவன் நான். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து பூலாம்பாடி வரைக்கும் என் கைப்பட்ட சுவர் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டியபோது கடைசி வாரம் கூலி வாங்காமல் முடித்துக் கொடுத்தேன். அதற்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். படிப்பு மூன்றாவதோடு சரி. மற்றதெல்லாம் சிமெண்ட் மூட்டையிலும் சினிமா போஸ்டரிலும் எழுத்துக் கூட்டிக் கற்றது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் என் காதில் விழுந்தால் போதும், ஈரச் சுவரில் கைத்தடம் மாதிரி நின்றுவிடும். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியை திருமழபாடிப் பக்கத்து அம்மா. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். ஆண்கள் பிடிக்கும் பெரிய குடையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கொள்ளிடக்கரைப் பேச்சு, மெதுவாக வரும், நிற்காது. கழகக் கூட்டத்தில் அவர் கேட்டார்:

“வெள்ளிக்கிழமை பீரியடுல பிள்ளைங்களுக்கு என்ன சொல்லலாம்? உங்க யோசனையைச் சொல்லுங்க.”

ஆளாளுக்குச் சொன்னோம். பெரியவர்களுக்கு மரியாதை தர வேண்டும், பொய் சொல்லக் கூடாது, பீடி குடிக்கக் கூடாது. சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் காதில் பீடி இருந்தது.

பெரிய டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது அத்தனையும் அதுங்களுக்குத் தெரியும். கேள்வி குடுத்தா பத்து வரி எழுதி மார்க்கும் வாங்கிடுங்க. எழுதி முடிச்சிட்டுப் பக்கத்துப் பையன் பேனாவ எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் ஊர் வழக்கமாக ஆனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊரில் வேலை செய்கிற யாராவது ஒருவர் வகுப்புக்கு வர வேண்டும். தன் வேலையில், இப்படிச் செய்வதா அப்படிச் செய்வதா என்று திகைத்து நின்ற ஒரு சமயத்தைச் சொல்ல வேண்டும். நடந்ததை மட்டும். முடிவில் புத்தி சொல்லக் கூடாது.

கணக்கு சார் சிரித்துவிட்டார். “டீச்சர், நம்ம ஊர்க்காரன் புத்தி சொல்லாம வாயத் தொறக்க முடியுமா? தண்ணி குடுன்னு கேக்கும்போதே ரெண்டு புத்தி சொல்லிட்டுத்தான் குடிப்பான்.”

“அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு சார்,” என்று மேஜையிலிருந்து பித்தளை மணியை எடுத்தார் பெரிய டீச்சர். பியூனைக் கூப்பிட வைத்திருந்த சின்ன மணி. “இது ஒரு பிள்ளை கையில இருக்கும். வந்தவங்க புத்தி சொல்ல ஆரம்பிச்சா அடிக்கும். அடிச்சா நிறுத்திடணும். யாரா இருந்தாலும்.”

முதலில் வந்தவர் டவுன் பஸ் டிரைவர். ஒரு தடவை பஸ் நிறைய ஜெயங்கொண்டம் சந்தைக்கூட்டம். வழியில் பிரசவ வலியோடு ஒரு பெண் கையைக் காட்டியிருக்கிறாள். இடமில்லை, போ போ என்று பின்னாலிருந்து சத்தம். அவர் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சந்தைக்கூட்டத்தை ஏற்றியிருக்கிறார். “என்னைத் திட்டுனானுவ பாருங்க, அதை இங்க சொல்ல முடியாது. ஸ்டீயரிங் புடிச்சவனுக்கு அவசரம் கெடையாது, பின்னாடி ஒக்காந்திருக்கவனுக்குத்தான் அவசரம்,” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்து, “அதனால பசங்களா, நீங்களும் நாளைக்கு…” என்று ஆரம்பித்தார். டிங். மனிதர் பிரேக் போட்ட மாதிரி நின்றார்.

ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடை பாய் மூன்று தடவை மணி வாங்கினார். ஒவ்வொரு தடவையும், “மாஃப் பண்ணுங்க பிள்ளைங்களா, நாக்கு பழகிப்போச்சு,” என்று சொல்லிவிட்டு மறுபடி கதைக்குள் போவார்.

நானும் போனேன். பூலாம்பாடியில் ஒரு வீடு கட்டியபோது, பக்கத்து மனைக்காரர் வெளியூர் போயிருந்தார். வீட்டுக்காரர் என்னிடம், சுவரை அவன் மனைக்குள்ள ஒரு முழம் தள்ளி எடு, அவன் வர்றதுக்குள்ள ஜன்னல் மட்டம் வந்துடட்டும் என்றார். முடியாது என்றால் வேலை போகும். என் சித்தாட்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மட்டம் பார்க்கிறேன், நூல் கட்டுகிறேன், நூலை அவிழ்க்கிறேன், மறுபடி கட்டுகிறேன். பக்கத்து மனைக்காரர் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரைக்கும் நூல்தான் கட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பே சிரித்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். “இதுலேருந்து என்ன தெரியுதுன்னா” என்றேன். டிங். அன்று மணியை வைத்திருந்தவளுக்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்து, அடி அடி என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. சோறு போடும்போது நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால் மகள் தட்டில் கரண்டியால் தட்டுவாள்.

“இந்த வூட்டுல இனிமே மனுசரு வாயத் தொறக்க முடியாதா?” என்றாள் என் மனைவி.

“நடந்ததைச் சொல்லும்மா. புத்தி மட்டும் வேணாம்.”

“நடந்ததா? நேத்து நீ ஒலைக்கு அரிசியக் களையாம போட்ட. அதான் நடந்தது.”

ஊரிலும் இது பரவியது. பஞ்சாயத்தில் ஒருவர் நீட்டி முழக்கினால் பின்னாலிருந்து யாராவது வாயாலேயே டிங் என்பார்கள். புத்தி குறைந்ததோ இல்லையோ, பேச்சு குறைந்தது. பிள்ளைகளிடம் வேறொன்றைக் கண்டேன். வேலை செய்கிறவரை நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சாரத்தில் நான் நிற்கும்போது கீழே நின்று, “இன்னிக்கு எதாச்சும் திகைச்சீங்களா மாமா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் என் மனைவிக்கு டைபாய்டு காய்ச்சல். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் படுக்கை, பிறகு வீட்டில் படுக்கை. மகள்தான் சமைத்தாள், துணி துவைத்தாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினாள். அவள் பத்தாவது. ஒரு மாதத்துக்கு மேலே பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனபோது கணக்கு அவளை விட்டு எங்கேயோ போயிருந்தது. அரைப் பரீட்சையில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் விழுந்தாள்.

பொங்கல் கழிந்து கணக்கு சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. மாலை வகுப்புக்குத் தன் வீட்டுப் பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து மாட்டியவர் அவர். இருட்டிய பிறகும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். தலையில் பூச்சி விழுந்தால் தட்டிவிட்டுக்கொண்டே கணக்குப் போடுவார்.

“கொத்தனாரே, மனசுல வச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு வருகை நாள் பத்தல. டி.இ.ஓ. கையெழுத்துப் போட்டாத்தான் எழுதலாம். நாம அதைக் கேக்க வேணாம்னு பாக்கறேன். இந்த வருஷம் நிக்கட்டும். அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்.”

“தனியான்னா எப்படிங்க சார்?”

“ஸ்கூல் பேருல இல்லாம. வூட்டுலேருந்து படிச்சு.”

எனக்குப் புரிந்தது. டி.இ.ஓ. ஒரு கேடயம் அறிவித்திருந்தார். பரீட்சைக்கு அனுப்பிய பிள்ளைகளில் அதிகம் பேர் தேறுகிற பள்ளிக்கு அது. முந்தின வருஷம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று அனுப்பிய அத்தனை பேரையும் தேற வைத்து வாங்கிக்கொண்டு போயிருந்தது. எங்கள் சாருக்கு அதன் மேலே கண். தனக்காக இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஜெயங்கொண்டத்தில் யாரும் ஒரு பள்ளியாகவே சேர்த்துப் பேசியதில்லை. அது அவருக்கு உறுத்தல். என் மகளோடு இன்னும் சில பிள்ளைகளும் அவர் யோசனையில் நிறுத்தப்பட வேண்டியவர்கள்.

வீட்டிலிருந்து படிப்பதென்றால் எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அடுப்படி, பிறகு முந்திரித் தோப்பு, பிறகு கல்யாணம். என் மனைவியின் அண்ணன் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். மகன் ஒருத்தன்.

“மாப்ள, முந்திரி முடியட்டும், பரிசம் போட்டுடலாம். பொண்ணு படிச்ச வரைக்கும் போதும். எம் மவன் எட்டாவது. இவ பத்தாவது பாஸ் பண்ணிட்டா அவனைப் பேர் சொல்லிக் கூப்புடுவா,” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

என் மனைவி, நான் படுத்ததாலதானே என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மகளோ, “நான் எழுதறேம்ப்பா. பெயிலானா ஆவட்டும். எழுதாம நின்னா பெயில்னு கூடச் சொல்லிக்க முடியாதே,” என்றாள்.

பெரிய டீச்சரைப் போய்ப் பார்த்தேன். குடையை மடித்துக்கொண்டே கேட்டார். “டி.இ.ஓ.வுக்கு நான் எழுதி வச்சிருக்கேன் கொத்தனாரே. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராரு. கையெழுத்து கேக்கத்தான் போறேன். ஆனா கணக்கு சார் வேணாங்கிறாரு. அவர் ஒழைப்பு என்னன்னு நான் கண்ணால பாக்கறேன். அவர்கிட்ட நீ செய்யறது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவர் மனசு ஒப்பாம உம் பொண்ணை உக்கார வச்சா, அவளுக்குக் கணக்கு சொல்லித் தரப்போறது யாரு?”

எத்தனையோ பேர் பேச்சை மனசில் பதித்து வைத்திருந்தேன், அந்தக் கேள்விக்கு ஒன்றும் உதவவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. டி.இ.ஓ. ஒல்லியான மனிதர், தும்பைப்பூ வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. காலையிலிருந்து வகுப்பு வகுப்பாகப் போனார். கழகத்துக்காரர்கள் நாங்களும் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கேள்வி கேட்டார். பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வதென்று தெரியாமல் தவித்தார்கள்.

கடைசிப் பீரியடுக்குப் பத்தாவது. “இன்னிக்கு விருந்தாளி யாரு?” என்று கேட்டார் டி.இ.ஓ.

“நீங்கதான் சார்,” என்றார் பெரிய டீச்சர்.

மணி முறைப்படி ஒவ்வொரு பிள்ளை கைக்கும் வரும். என் மகள் முறை ஐப்பசியிலேயே போய்விட்டது. அவள் இல்லாத நாளில் வந்த முறையை அன்றைக்குத் தரலாம் என்று வகுப்பே சேர்ந்து முடிவு செய்திருந்தது. பெரிய அதிகாரி வருகிற நாள், நமக்கு வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுங்கியதாகவும் கேள்வி. எப்படியோ, முதல் பெஞ்சில் மணியோடு உட்கார்ந்திருந்தது அவள்தான். எவர் கையெழுத்து அவளுக்கு வேண்டுமோ அவர் எதிரே நிற்கிறார். சுவரோரம் நின்ற கணக்கு சார் அவளைப் பார்த்து, அடித்துவிடாதே என்று தலையை ஆட்டினார்.

டி.இ.ஓ. தொண்டையைச் செருமினார். “மாணவச் செல்வங்களே, நீங்கள் அனைவரும் நன்கு படித்து, இந்தக் கல்வி மாவட்டத்துக்கே பெருமை சேர்க்க வேண்டும்…”

டிங்.

கணக்கு சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னம்மா இது?” என்றார் அவர்.

“புத்தி சொன்னா மணிங்க சார்,” என்றார் பெரிய டீச்சர். குரல் கொஞ்சமும் மாறவில்லை. “இங்க எல்லாருக்கும் அதேதான்.”

“எனக்குமா?”

“நேத்தைக்குப் பால்காரருக்கு அடிச்சா இன்னிக்கு உங்களுக்கும் அடிக்கணுமே சார்,” என்றாள் என் மகள். எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னாள். பால்காரர் வந்தது அதற்கு முந்தின வாரம். பயத்தில் நேற்று என்று வந்துவிட்டது.

டி.இ.ஓ. சிரித்தார். உட்கார்ந்துகொண்டார். “அப்ப நான் என்ன சொல்லட்டும்?”

“நடந்ததைச் சொல்லுங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் அந்த மேடைத் தமிழை விட்டுவிட்டு எங்களைப் போலவே பேச ஆரம்பித்தார்.

“போன வருஷம் ஒரு ஸ்கூலுக்கு நான் கேடயம் குடுத்தேன். எல்லாரும் பாஸு. எனக்கும் பெருமை. புரட்டாசி வெயில்ல அந்தப் பக்கமா ஜீப்புல போனேன். ரோட்டோரத்துல ஒரு பொண்ணு வெள்ளரிப் பிஞ்சு வித்துக்கிட்டிருந்தா. ஜீப்ப நிறுத்தினோம். அந்தப் பொண்ணு என்னைப் பாத்துட்டு, ‘சார், நீங்கதான எங்க ஸ்கூலுக்குக் கேடயம் குடுத்தீங்க’ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். ‘எங்க ஸ்கூல்ல எல்லாரும் பாஸு சார்’னு அவ்வளவு சந்தோஷமா சொல்லுது. நீ எந்த வகுப்பும்மான்னு கேட்டேன். ‘பத்தாவதுதான் இருந்தேன் சார். நான் எழுதல. நான் எழுதுனா ஸ்கூல் பேரு கெட்டுடும்னு சொன்னாங்க, நின்னுட்டேன்’னு சொல்லிச்சு.”

யாரோ பெஞ்சில் நகர்ந்த சத்தம்.

“மொகத்துல வருத்தமே இல்ல. ஸ்கூலுக்கு ஒரு நல்லது செஞ்ச மாதிரி சொல்லுது. எனக்கு அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியல. ரெண்டு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கிட்டு ஏறிட்டேன். அதைத் திங்கவும் முடியல.”

மேலே எதையோ சொல்ல வாயைத் திறந்தார். என் மகள் கையிலிருந்த மணியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நான் எத்தனையோ மேடைப் பேச்சுக் கேட்டிருக்கிறேன். தான் கொடுத்த பரிசைப் பற்றி, பிள்ளைகள் முன்னால், அப்படி ஒரு அதிகாரி பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பீரியடு முடிந்து எல்லாரும் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். நான் வெளியே தண்ணீர்ப் பானை பக்கம் நின்றேன். உள்ளே பெரிய டீச்சர் பேசுவார் என்று நினைத்தேன். பேசியது கணக்கு சார்.

“சார், வருகை நாள் கொறைஞ்ச பிள்ளைங்க நம்ம ஸ்கூல்லயும் இருக்கு. அதுங்க வேணாம்னு சொன்னது நான்தான். டீச்சர் இல்ல. எல்லாரையும் அனுப்பினா கேடயம் வராதுங்க சார். அதையும் தெரிஞ்சுதான் சொல்றேன். கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்றார்.

“கேடயத்துல தகரம்தான சார் இருக்கு,” என்றார் டி.இ.ஓ. “இனிமே அதுக்குக் கணக்கு வேற. ஜூன் மாசம் பத்தாவதுல உக்காந்த பிள்ளைங்க எல்லாரையும் வச்சுத்தான் பாக்கப் போறேன். இடையில எறக்கி விட்டா அதுவும் பெயில்தான்.” அதை அவர் மாவட்டம் முழுக்க உத்தரவாகவே போட்டார். பெரிய பள்ளிக்கூடங்கள் முணுமுணுத்தன. அவர் மாற்றவில்லை.

கணக்கு சார் வெளியே வந்து என்னைப் பார்த்தார். “கொத்தனாரே, நாளையிலேருந்து பாப்பாவக் காலைல ஏழு மணிக்கு அனுப்புங்க. எம்மேல கோவம் இருந்தா பரீட்சை முடிஞ்சு வச்சுக்கலாம்.”

நிறுத்தி வைக்கப்பட இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்றிலிருந்து காலை வகுப்பு, மாலை வகுப்பு. மாலை வகுப்பு முடிய இருட்டிவிடும் என்பதால் தகப்பன்மார்கள் முறை வைத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துவந்தோம். என் முறை வந்தும் நான் போக முடியாத ஒரு நாள் என் மச்சான் சைக்கிளோடு போய் நின்றார். “மருமவ படிக்கறது புடிக்கலன்னுதான் சொன்னேன், இருட்டுல நடந்து வரட்டும்னு சொன்னனா?” என்றார்.

பரீட்சை எழுதினாள். முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம் வந்து போனது. ஒரு நாள் சாயங்காலம் திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ரிசல்ட் பேப்பர் வந்தது. தேறியவர்களின் எண் மட்டும்தான் அதில் இருக்கும். என் மகள் எண்ணுக்கு முன் எண் இருந்தது, பின் எண் இருந்தது. அவள் எண் இல்லை. காலை வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள். கேடயம் எங்களுக்கு வரவில்லை.

செப்டம்பரில் மறுபடி எழுதிக் கணக்கில் தேறினாள் என்பதையும், திருச்சிக்குப் போய் நர்ஸ் படித்தாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் அவள் கெட்டிக்காரத்தனம். நான் சொல்ல நினைத்தது பேப்பர் வந்த அந்தச் சாயங்காலத்தை.

செய்தி தெரிந்து என் மச்சான் பரிசம் பேச ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். “நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள” என்பதைச் சொல்லவில்லை. ஆனால் வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்த விதத்தில் அது இருந்தது. மகள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அடுப்பு எப்போதோ பற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் பெரிய குடை. பின்னால் கணக்கு சார். எங்கள் தெருவுக்குள் அதுவரைக்கும் ஓட்டுக் கேட்கிறவர்களும் அம்மை ஊசிக்காரர்களும்தான் வந்திருக்கிறார்கள். தேறின பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் இனிப்போடு காத்திருக்க, இந்த இரண்டு பேரும் தேறாத பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரிய டீச்சர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து, “தண்ணி குடும்மா,” என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கி, சொம்பில் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தெருத் தெருவாக நடந்த தாகம். கணக்கு சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாப்பா, இங்க வா. அழுவறத அப்புறம் வச்சுக்க. தேற்றம் எழுதினியா?”

“எழுதினேன் சார்.”

“எது?”

“வட்டத்துக்குத் தொடுகோடு சார்.”

“படம் போட்டியா? எங்க, போடு பாப்போம்.” என்னிடம் திரும்பி, “எதாச்சும் இருக்கா கொத்தனாரே?”

மூலையில் கிடந்த செங்கல் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மகள் தரையில் வட்டம் போட்டாள், கோடு போட்டாள். சார் குனிந்து பார்த்தார். “படம் சரி. இது வரைக்கும் சரி. அப்ப எங்க விட்டோம்? வியாபாரக் கணக்கு என்ன செஞ்ச?” விட்டோம் என்றுதான் சொன்னார். இரண்டு பேரும் கேள்வித்தாளை முதலிலிருந்து தரையில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அழுகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒரு இடத்தில் மகள், “இல்ல சார், அது அப்படி இல்ல,” என்று சாரின் கையைத் தட்டிவிட்டுத் தானே எழுதினாள்.

என் மச்சான் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்தபடி எட்டி எட்டிப் பார்த்தார். வட்டம் அவர் கால் வரைக்கும் வந்துவிட்டது. காலை மடக்கிக்கொண்டார்.

“ஏன் சார், மறுபடி எழுதினா வருமா?” என்றார்.

“வரும்,” என்றார் சார், நிமிராமல்.

“எப்ப எழுதணும்?”

“செப்டம்பர்ல.”

“திங்கக்கிழமையிலேருந்து ஸ்கூலுக்கு வரட்டும்,” என்றார் பெரிய டீச்சர். “விழுந்த பிள்ளைங்க எல்லாத்துக்கும் வகுப்பு வைக்கப் போறோம். ஸ்கூல் பிள்ளை இல்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

மச்சான் தட்டைக் கீழே வைத்தார். பிறகு வெற்றிலையை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“அப்ப செப்டம்பர் வரைக்கும் நான் எதுக்கு இங்க குந்திக்கிட்டிருக்கேன்? பழத்தச் சாப்புடுங்க டீச்சர், நம்ம தோட்டத்துதுதான்,” என்று சொல்லிவிட்டு, வட்டத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போனார்.